வால்வைத் திறந்தது லூசி மதாம் அல்ல

லூசி மதாம் இறந்த செய்தி வந்தபோது நான் முதியோர் இல்லத்தின் மொட்டை மாடியில் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டிருந்தவர் மேலாளர். எரியும் மெழுகுவர்த்திப் படம், அதற்குக் கீழே "எங்கள் இல்லத்தின் தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி. தூணைச் சாய்த்தது யார் என்பது அந்தக் குழுவில் இருந்த பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனாலும் கும்பிடும் கைகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. மதாமோடு வேலை செய்தவர்களுக்காகவும், அவர் போன பிறகு வந்து அவரைப் பற்றிப் பொய்யை மட்டும் கேட்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

உப்பளம் பகுதியில் உள்ள எங்கள் இல்லத்தில் அவர் தலைமைச் செவிலியர். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அண்ணன்மார் எல்லோரும் பிரான்ஸுக்குப் போன பிறகும் இவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். ஏன் என்று கேட்டால், "அங்க போயி அவங்க பிள்ளைங்கள வளக்கவா? இங்கயே பெருசுங்கள வளத்துட்டுப் போறேன்" என்பார். இனிமையானவர் என்று சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளிப்பாட்டும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் ஓர் அம்மாவின் தோளில் ஊற்றப் போனேன். எல்லோர் முன்னாலும் என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினார்.

"இவங்க தோலு காகிதம் மாதிரி இருக்கு நூரு. பாதிப் பேருக்கு உணர்ச்சியே இல்ல. வெந்து போனாக்கூட சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கும் சேத்து நீதான் வலிய யோசிக்கணும்."

அன்று அழுதேன். அதன் பிறகு ஒருநாளும் அப்படி ஊற்றியதில்லை.

நன்கொடைப் பணத்தில் மாடியில் சூரிய வெந்நீர் அமைப்பை வைத்தார்கள். தாதியர் அறைச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. மேலே தொட்டியில் இருக்கும் தண்ணீரின் சூட்டை அதில் பார்க்கலாம். நாம் வைத்த அளவைத் தாண்டினால் அது தானாகவே பச்சைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விட்டுச் சூட்டைக் குறைக்கும். பொருத்த வந்தவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். மதாம் குறுக்கிட்டார்.

"ஹீட்டர்னா அணைச்சிடலாம். வெயில அணைக்கிறதுக்கு எந்த பட்டன்?"

அவர் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் எவ்வளவு சுடும், பச்சைத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும், தொட்டிக்குள் இருக்கும் சென்சார் பழுதானால் பெட்டி என்ன காட்டும் என்று அவரைப் போக விடாமல் கேட்டார். மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். அந்தப் பெட்டியை இயக்கக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். பின்னால் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பியது.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. சென்சாரின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்துவிடும். மதாம் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வெள்ளைச் சீருடையோடு மாடி ஏறி, அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும்வரை பக்கத்திலேயே நிற்பார். தினமும் காலையில் ஒரு பக்கெட் வெந்நீர் பிடித்து, அதில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, பெட்டி காட்டுவதோடு ஒப்பிடுவார். "பெட்டி சொல்றதக் கேளு. ஆனா நம்பாத" என்பார். இந்த வாக்கியத்தை மேலாளருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

ஒரு கோடையில் பெட்டியும் தெர்மாமீட்டரும் ஒத்துப்போகவில்லை. சென்சாரைத் துடைத்தும் பயனில்லை. மேலாளரிடம் அவர் போனபோது நானும் உடன் இருந்தேன்.

"பெட்டில நாப்பத்தெட்டுதானே காட்டுது?"

"பக்கெட்ல அறுபத்தஞ்சு காட்டுது சார். சென்சார் போயிடுச்சு. சூடு ஏறினது பெட்டிக்குத் தெரியல, அதான் பச்சத்தண்ணி விடல. வேற சென்சார் மாத்தணும்."

"கம்பெனிக்காரன் சர்வீசுக்கு வர்றப்ப பாத்துக்கலாம் மதாம்."

மதாம் நேராக மாடிக்குப் போய், குளியலறைகளுக்கு வரும் வெந்நீர்க் குழாயின் வால்வை மூடினார். அதில் ஒரு துணியையும் கட்டினார். அன்று முதல் சமையலறையில் தண்ணீர் காய்ச்சிக் கலந்து குளிப்பாட்டினோம். கேஸ் வீணாகிறது என்று மேலாளர் முணுமுணுத்தார். சென்சார் மட்டும் வரவில்லை.

நன்கொடையாளர்கள் பார்வையிட வரும் நாள் வந்தது. அன்று காலை மதாம் அண்ணன் மகளை அழைத்து வரச் சென்னை விமான நிலையத்துக்குப் போயிருந்தார். சூரிய வெந்நீர் ஓடாமல் அடுப்பில் அண்டா கொதிப்பதை வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மேலாளர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். துணி காய வைக்கப் போயிருந்த நான் அவர் வால்வைத் திறப்பதைப் பார்த்தேன்.

"சார், மதாம் மூடி வெச்சிருக்காங்க. தண்ணி கொதிக்குது சார்."

"இங்க நிர்வாகம் நானா, மதாமா?"

நான் கீழே ஓடினேன். பெண்கள் பகுதியில் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டு ஆண்கள் பகுதிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோவிந்தன் ஐயாவைப் பழையவர்கள் அறிவீர்கள். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் மரத்து, பேச்சும் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் குழாயைத் திறந்து நேராக அவர் தொடையில் விட்டிருக்கிறார். ஐயா கத்தவில்லை. தோல் வழன்று வந்ததைக் கண்டு கத்தியது அந்த உதவியாளர்தான்.

விசாரணை நடந்தது. இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து வந்தவர்கள் கேட்ட முக்கியமான கேள்வி இதுதான்: "அந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்தவர் இங்கே யார்?" எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். லூசி மதாம். அப்படியானால் அதில் கை வைத்தவரும் அவர்தான், தண்ணீர் கொதித்ததற்கும் அவர்தான் பொறுப்பு என்று முடிவானது. அன்று காலை அவர் சென்னையில் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வால்வைத் திறந்தது மேலாளர் என்று நான் சொன்னேன். காவலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மதாமை ஓய்வு பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். செவிலியரான என்னைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மதாம் போன பிறகு புதுச் சென்சார் உடனே வந்தது.

அவர் கடைசியாக வெளியேறிய அன்று கோவிந்தன் ஐயாவின் மகன் செல்வம் வாசலில் நின்றிருந்தார். ஆட்டோ ஓட்டுபவர். "எங்கப்பன வேக வெச்சுட்டுப் போறியே, நீ நல்லா இருப்பியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். மேலாளர் தன் அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் அவர் பக்கம் திரும்பினார்.

"நான் தொறக்கல தம்பி. ஆனா உங்கப்பாவ நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன். பாத்துக்க முடியல."

பிறகு கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

உழவர்கரையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார். நான் அடிக்கடி போவேன். நாளாக ஆக மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை. பங்குச்சாமியார் வந்து மன்னிக்கச் சொன்னாராம். "மன்னிப்பு கேக்க ஒருத்தனும் வரல சாமி, யாருக்குக் குடுக்கறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதய நோய் முற்றி, கட்டிலை விட்டு எழ முடியாத நாட்களிலும் அதே பேச்சுதான். "நூரு, கோவிந்தனுக்குப் புண்ணு ஆறிடுச்சா? திருப்பிப் படுக்க வெக்கிறாங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். உடனே முகம் கடுத்துப் போகும். "அந்தாளு இன்னும் மேனேஜராத்தான் இருக்கானா?" அதற்கும் ஆமாம் என்றே சொல்ல வேண்டியிருந்தது.

அடக்கத்துக்கு மேலாளர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்றார். எல்லோரையும் மன்னித்து நிம்மதியாகப் போனார் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். நான் கூட்டத்திலிருந்து விலகி வந்தேன். சுற்றுச்சுவர் ஓரம் செல்வம் நின்றிருந்தார்.

"இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றேன். அடக்க முடியவில்லை. "வால்வத் தொறந்தது யாருன்னு இப்பவாவது தெரியுமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கே தெரியும்க்கா. தண்ணி ஊத்தின ஆளே சொல்லிட்டான்."

"தெரிஞ்சேவா அந்தம்மாவ அப்படிப் பேசினீங்க?"

"மேனேஜரக் கேட்டா அப்பாவ வெளிய அனுப்பிடுவாரு. வூட்ல எங்க வெச்சுப் பாக்கறது? மதாமத் திட்டினா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க." பிறகு, "அவரும் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தாரு. அவருக்குக் கேக்கணும்னுதான் அவ்ளோ சத்தமாக் கத்தினேன்" என்றார்.

அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது. அவர் அப்பாவின் படுக்கை இன்னும் இல்லத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் படுக்கையின் விரிப்பை வாரம்தோறும் நான்தான் துவைக்கிறேன். அவரை அங்கேயே விட்டு வெளியே வந்தேன்.

இல்லத்தில் இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறார்கள். மதாமின் புன்னகையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்று என்னைக் கேட்டார்கள். அவர் அதிகம் புன்னகைத்தவரில்லை. அவர் யாரையும் மன்னிக்கவும் இல்லை. கூட்டத்தில் அதைச் சொல்ல விட மாட்டார்கள் என்பதால்தான் இங்கே எழுதினேன். அவருடைய பொருள்களில் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய கோபம் இருக்கிறது. அதை நான் ஆறவிடப் போவதில்லை.