தங்கூசி கட்டிய மண்டலின்

இன்று காலை கொக்கிளாயிலிருந்து ஒரு மீனவர் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிற ஒக்டேவ் மண்டலின் ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறவன் என்று யாரோ என்னைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

தொழிற்சாலைச் சாமான். முகப்பு வெறும் ஒட்டுப்பலகை. கழுத்து மட்டும் வளையாமல் நேராக இருந்தது.

எட்டுக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மீன்பிடிக்கிற நைலோன் நூல், தங்கூசி! நைலோன் வந்தாலும் வந்தது, எதற்கெடுத்தாலும் அதையே கட்டுகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் இந்த வேலை பாத்தது? சத்தமே வரேல்லையே!"

"நான்தான் மாஸ்டர். மகளுக்கு மாசக்கணக்காய்க் காய்ச்சல். கம்பிச் சத்தமெண்டால் எழும்பிப்போடுவாள். தங்கூசி மெல்லமாய்க் கேக்கும். கேட்டுக்கொண்டே நித்திரையாப்போவாள்."

"சரி, விக்க முதல் கம்பி போட்டிருக்கலாமே? கூட விலைக்குப் போயிருக்கும்."

"இனி நீங்கள் போடுங்கோ. எழும்புறதுக்கு வீட்டிலை பிள்ளை இல்லை."

அதற்குமேல் நான் விலை பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

புதுக் கம்பி மேசையில் கிடக்கிறது. மாட்டத் தெரிந்தவர்கள் யாராவது வாருங்கள். எனக்கும் தெரியும்தான், அந்தத் தங்கூசியைக் கழற்றக் கை வரவில்லை.