கரண்ட் இல்லாமல் சுட்ட கல்லு

சிரிக்கிறதெண்டால் இப்பவே சிரிச்சு முடியுங்கோ, இடையிலை சிரிச்சால் எனக்குக் கோவம் வரும். நான் இருபது வருசமா எலக்ட்ரிசியன். என்னைப் பொறுத்தவரை கரண்ட் ஒண்டில் இருக்கு, இல்லாட்டி இல்லை, ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டுமில்லை. பேய்க்கதை துவங்கினால் எழும்பிப் போற ஆள் நான்.

போன ஜூலை, இந்த நாட்டிலை அதுதான் குளிர்காலம், நல்ல குளிர். மெரிலேண்ட்ஸிலை ஒரு பழைய செங்கல் பிளாட், மூண்டாம் மாடி, ஒரேயொரு படுக்கையறை. வாடகைக்கு இருக்கிறது பிலோமினா அன்ரி, மன்னார் ஆள், தனிய. அந்த அறையிலை பழங்காலத்து ஹீட்டர் ஒண்டு. சுவரோடை ஒரு இரும்புப் பெட்டி, உள்ளுக்குப் பாரமான கல்லு அடுக்கியிருக்கும், மலிவான இரவுக் கரண்டிலை கல்லைச் சூடாக்கினால் பகல் முழுக்க அது சூட்டை விடும். அது செத்து ரெண்டு வருசம். அன்ரி ரெண்டு குளிர்காலம் கம்பளிக்குள்ளை கிடந்து, ஏஜென்டோடை சண்டை பிடிச்சு, ஒருமாதிரி வீட்டுக்காரர் சூடும் தாற ஏசி போடச் சம்மதிச்சிட்டார். பழசைக் கழட்டுறதுக்குத்தான் நான் போனனான்.

அங்கை ஒரு பிழை விட்டனான். வேலை செய்யிற இடத்திலை சப்பாத்தைக் கழட்டக் கூடாது. ஆனால் தமிழ் வீடு, வாசல்லை அன்ரின்ரை ரெண்டு சோடிச் செருப்பு, உள்ளுக்கு மாதா படம், எப்பிடிச் சப்பாத்தோடை ஏறுறது, நீங்களே சொல்லுங்கோ? கழட்டி வெளியிலை வைச்சிட்டு காலிலை மேஸ், அந்தக் காலுறையோடை மட்டும் உள்ளுக்குப் போனன். ஃபோன் கீழை நிப்பாட்டின வானுக்குள்ளை சார்ஜிலை.

"நான் டொக்டரிட்டைப் போட்டு வாறன் தம்பி, பிளாஸ்க்கிலை தேத்தண்ணி இருக்கு" எண்டுட்டு அன்ரி போயிட்டா. நேரம் பன்னிரண்டரை. மூண்டு மணிக்கு நான் மகளைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டவேணும். ஆறு வயசு. என்ரை மனுசி நேர்ஸ், எட்டு மணிக்குத்தான் வருவா, எங்களுக்கு இஞ்சை வேறை ஆருமில்லை.

தூசி பறக்குமெண்டு அறைக் கதவைச் சாத்தினன். மெயினை நிப்பாட்டி, டெஸ்டரை வைச்சுப் பாத்து, வயரைக் கழட்டி, கல்லுகளை ஒவ்வொண்டா எடுத்து நிலத்திலை அடுக்கினன். எல்லாம் ஐஸ் மாதிரிக் குளிர். கடைசிக் கல்லைத் தூக்கேக்கை கை சுட்டுது. நம்பினால் நம்புங்கோ, முதல் அடுக்கின கல்லுகளைத் தொட்டுப் பாக்கிறன், அதுகளும் சுடுது.

கதவை இழுத்தன், வரேல்லை. அதிலை பூட்டே இல்லை. கதவுக் கீல், அந்தப் பிணைச்சலைக் கழட்டப் பாத்தன், சுத்தியலாலை அடிச்சன், அது அசையேல்லை. ஜன்னல் ஒரு கை போற அளவுதான் திறக்கும், பிள்ளையள் விழக்கூடாதெண்டு அப்பிடிப் பூட்டி வைச்சிருக்கினம். அதுக்குள்ளாலை கத்தினன், கீழை ஒரு மனுசன் கார் கழுவிக்கொண்டு நிக்கிறான், நிமிந்தும் பாக்கேல்லை. ரெண்டரை ஆச்சு. மூண்டு ஆச்சு. மேசுக்குள்ளாலை நிலம் சுடுது, மூச்சு முட்டுது, ஆனால் எனக்கு மனசெல்லாம் பள்ளிக்கூட வாசல்லை பையோடை நிக்கிற பிள்ளைதான். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், கதவிலை தலையை முட்டி அழுதனான்.

நாலு மணி தாண்ட, கல்லெல்லாம் ஒரேயடியா ஆறிப்போச்சு. கதவைத் தொட்டன், சும்மா திறந்துது.

வெளியிலை ஓடிவந்தால் அன்ரி போடாமல் விட்ட மற்றச் செருப்பு இருக்கு, என்ரை சப்பாத்தைக் காணேல்லை. ஆர் தேடுறது? மேசோடையே வானை எடுத்தன். பள்ளிக்கூட கேற் பூட்டியிருக்கு, ஒரு குஞ்சு இல்லை. எப்பிடி வீட்டுக்கு ஓடினன் எண்டு எனக்கே தெரியாது.

மகள் வாசல் படியிலை இருக்கிறாள். பக்கத்திலை என்ரை சப்பாத்து ரெண்டும், ஒழுங்கா, சோடியா.

"ஏன் குட்டி வெளியிலை இருக்கிறாய்? ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"நீங்கள்தானே அப்பா" எண்டு இங்கிலிசிலை சொல்லுறாள். "சாவி இல்லை, இதிலை இரு எண்டு சொல்லிப்போட்டுப் போனீங்கள்."

சாவி என்ரை பொக்கற்றிலை இருந்தது. அவளைத் தூக்கினன். முகம், காது, கால் எல்லாம் விறைச்சுக் கிடக்குது, வலது கை மட்டும் சுடுது. வழி முழுக்க நான் அந்தக் கையை விடவேயில்லையாம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலை கேட்டன், வழமைபோலை தகப்பன்தான் வந்தவர் எண்டு ரீச்சர் சொன்னா. மனுசிக்கு நான் இண்டுவரைக்கும் சொல்லேல்லை. சப்பாத்தை மட்டும் எறிஞ்சுபோட்டன். அன்ரி புது ஏசியோடை சந்தோசமா இருக்கிறா, அவவின்ரை அறையிலை ஒண்டுமே இல்லையாம்.

ஆனால் மகள் இப்ப பள்ளிக்கூட கேற்றடியிலை என்னைக் கண்டவுடனை ஓடி வாறேல்லை. ஒரு விரலாலை என்ரை கையைத் தொட்டுப் பாப்பாள். குளிரா இருந்தால்தான் கையைத் தருவாள். அதாலை வானை விட்டு இறங்க முதல் ஒவ்வொரு நாளும் போத்தில் தண்ணியை ரெண்டு கையிலையும் ஊத்திப்போட்டுத்தான் போறன்.