பதினாலாம் நாள் எண்ணிக்கை

கோடை விடுமுறையில் ஆராய்ச்சி பழக வரும் கால்நடை மருத்துவ மாணவர்களை எங்கள் ஆய்வகத்தில் புது மாப்பிள்ளைகள் என்போம். முதல் நாள் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டோடு வருவார்கள். ஏதாவது ஒரு நோயை ஒழித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்ற நினைப்பு முகத்தில் தெரியும். நான் ஆளுக்கொரு வடிகட்டியைக் கையில் கொடுத்து ஆட்டுப் புழுக்கையைக் கரைக்கச் சொல்வேன். மாப்பிள்ளை முறுக்கு அதோடு இறங்கிவிடும். பதினேழு வருடமாக இங்கே டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்த ஒரு சந்தோஷத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வருடம் வந்த ஐந்து பேரில் ஒருத்தியிடம் இது பலிக்கவில்லை. வடிகட்டியை வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்றாள். அடைத்துக்கொண்டது, மறுபடி கரை என்றால் சரிங்க. சாப்பிடப் போ என்றால் சரிங்க. அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டோம். கூப்பிட்டால் அதற்கும் சரிங்க என்றுதான் வந்து நின்றாள்.

அவளுக்குக் கொடுத்த ஆராய்ச்சி குடற்புழு மருந்து பற்றியது. இருபத்துநாலு ஆடுகள். பாதிக்குப் பழைய மருந்து, பாதிக்குப் புதியது. மொத்தம் எத்தனை ஆடு, எந்த ஆட்டுக்கு எது என்று எண்ணுகிறவளுக்குச் சொல்லமாட்டோம். காலையில் எண் போட்ட பைகளில் புழுக்கை வரும். நாலு கிராம் நிறுத்து, உப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடியில் ஊற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்தால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். மைக்ரோஸ்கோப்பில் வரிசை வரிசையாகப் பார்த்து, முட்டைக்கு ஒரு தடவை, கையில் பிடித்து எண்ணும் கிளிக்கரை அழுத்த வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு நாள், பிறகு ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள். இதில் பதினாலாம் நாள்தான் உயிர்நாடி. மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம் எனக்கும் புரொபசருக்கும் மட்டும் தெரியும். அவளிடம் போவது இருபத்துநாலு பை இல்லை, இருபத்தேழு. இரண்டு ஆடுகளின் புழுக்கையை வேறு வேறு எண்ணில் இரண்டு முறை வைப்பேன். ஒரு பையில் புழுவே இல்லாத ஆட்டின் புழுக்கை இருக்கும். அரைகுறையாக எண்ணுகிறவர்களும், காபி குடித்துவிட்டு வந்து குத்துமதிப்பாக எழுதுகிறவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள். எந்தப் பை எது என்ற பட்டியல் ஒட்டிய கவரில் என் அலமாரியில் இருக்கும். எல்லா எண்ணிக்கையும் முடிந்த பிறகுதான் பிரிப்பது வழக்கம்.

பதினாலாம் நாள் முடிந்த மறுநாள் புரொபசரிடம் போன் செய்து, வீட்டில் ஒரு வேலை என்று மூன்று நாள் லீவு கேட்டாள். திரும்பி வந்து வடிகட்டியை எடுத்துக்கொண்டாள். எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. பேசுகிற பிள்ளை என்றால் பேச்சு நின்றதும் கண்டுபிடித்திருப்பேன். இவளிடம் நிற்பதற்கு என்ன இருந்தது? என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மேல்தான் தப்பு.

கடைசி வாரம், மாணவர்கள் தங்கள் முடிவுகளை எல்லோர் முன்னாலும் பேச வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, புரொபசர் அறைக்கு வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"சார், பதினாலாம் நாள் நம்பரை எல்லாம் எடுத்துடுங்க."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா விளையாடுறியா? அது இல்லேன்னா உன் ஆராய்ச்சியே இல்ல. மேடையில போய் என்ன பேசுவே?"

"பேசலேன்னா பரவாயில்ல சார். அன்னைக்கு எண்ணுனது எனக்கு ஞாபகமே இல்ல."

பிறகு சொன்னாள். பாடம் ஒப்பிப்பதுபோல் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள். அன்று பதினொரு மணிக்கு, பத்தாவது பையை முடித்தபோது, அக்காவிடமிருந்து போன் வந்திருக்கிறது. அப்பா போயிட்டாரு, உடனே கிளம்பு என்று. பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் இருந்தது. அவள் போனை டிராயரில் வைத்துவிட்டுத் திரும்ப மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தேழும் முடிந்த பிறகு, அடுத்து இருந்த நாலு மணி பஸ்ஸில் போயிருக்கிறாள். வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"அக்கா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா. பாவம், அதிர்ச்சியில பிரமை பிடிச்ச மாதிரி உக்காந்துட்டா, பஸ் போனதே தெரியலன்னு. நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கறேன். அப்போ அந்த நம்பரெல்லாம் சும்மா கிறுக்குனதாத்தானே இருக்கும்? அதை வச்சு ஆட்டுக்கு மருந்து சொல்றது தப்பு சார்."

புரொபசர் என்னைப் பார்த்தார். கரைத்த புழுக்கையை எப்போதோ கொட்டிக் கழுவியாயிற்று. திரும்ப எண்ண வழியில்லை. இருந்தது அந்தக் கவர் மட்டும்தான்.

"இரும்மா, பாத்துடலாம்" என்று அலமாரியைத் திறந்தேன். இரட்டைப் பைகள் பற்றியும் வெறும் பை பற்றியும் சொல்லிவிட்டுக் கவரைப் பிரித்தேன். அவளுடைய நோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் விரல் பக்கத்தின் ஓரத்திலேயே இருந்தது.

பன்னிரண்டாம் பையும் இருபத்துமூன்றாம் பையும் ஒரே ஆடு. முப்பத்தொன்று, முப்பது. பதினைந்தும் இருபத்தாறும் ஒரே ஆடு. பன்னிரண்டு, பன்னிரண்டு. வெறும் பை பத்தொன்பதாவது. அதற்கு நேராகச் சைபர் போட்டிருந்தாள். கிறுக்குகிறவர்கள் சைபர் போடமாட்டார்கள், சந்தேகம் வரும் என்று ஏழோ எட்டோ எழுதி வைப்பார்கள். எல்லாமே போன் வந்த பிறகு எண்ணியது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.

"அடி கெட்டிக்காரி! ஒண்ணுகூடத் தப்பல. இந்தக் கோடை முழுக்க நீ இவ்வளவு சுத்தமா எண்ணுனதே இல்ல. நான் எண்ணினாகூட இப்படி ஒத்துப்போகாது. எதுக்குத் தூக்கிப் போடணும்?"

புரொபசரும், "நல்ல வேளை" என்று மூச்சு விட்டார்.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதுக்கு நேரே இருந்த சைபரை விரலால் தொட்டாள். ஒன்றுமில்லாத கண்ணாடியை ஒரு கட்டம் விடாமல், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை தேடியிருக்கிறாள். கிளம்ப வேண்டிய பஸ் அந்த நேரத்தில்தான் போயிருக்கும்.

"அப்போ எனக்கு நினைவு இருந்திருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஆராய்ச்சியைக் காப்பாற்றிக்கொள்ள வரவில்லை. அந்த நம்பர்கள் தப்பாக இருக்க வேண்டும் என்று வந்திருந்தாள். நான் கவரைப் பிரித்து, அக்கா அவளுக்காகச் சொல்லி வைத்திருந்த ஒரே சமாதானத்தையும் பிடுங்கிவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அப்படி இல்லம்மா. கை பழகிடுச்சுன்னா அதுவா எண்ணிக்கிட்டே இருக்கும். மனசு எங்கேயோ கிடக்கும். எனக்கே எத்தனையோ நாள் அப்படி ஆகியிருக்கு" என்றேன். பொய். முட்டைக்கும் காற்றுக்குமிழிக்கும் வித்தியாசம் பார்க்காமல் ஒரு கட்டத்தைக்கூடத் தாண்ட முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"சரிங்க" என்றாள்.