தலைப்பாகை இல்லாமல் பெண் பார்க்கப் போனது

பெண் வீட்டார் என்னை முதலில் பார்த்தது எங்கள் வழிபாட்டுத் தலமான பதியில். அங்கே கும்பிடும்போது எங்கள் அய்யாவழி ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டியிருப்போம். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் என்றுதான் சம்பந்தம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை வெறுந்தலையோடு அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். எனக்கோ உச்சியில் தோல் தெரிந்தது. ஏமாற்றிவிட்டான் என்பார்களோ என்று பயந்து அக்காவிடம் சொன்னேன்.

"ஏலே, தலையில என்ன, செக்கா ஓடுது?" என்று எண்ணெய் வழிந்த என் தலையைப் பார்த்துக் கேட்டு, சீயக்காய் தேய்த்துக் குளிக்க விரட்டினாள். காய்ந்ததும் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். தன் முடி ஒன்றையும் என் முடி ஒன்றையும் என் உள்ளங்கையில் வைத்தாள். அவளுடையது கறுப்பு நூல் போல இருந்தது. என்னுடையது கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை.

"முடி மெலிசுதான் மக்கா. ஆனா நெருக்கமா மொளச்சிருக்கு, கேட்டியா. எண்ணெயில ஒட்டிக் கெடந்ததுனாலதான் தோலு தெரிஞ்சுது."

மெலிசாக இருப்பதையும் குறைவாக இருப்பதையும் அதுவரை நான் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

எண்ணெய் வைக்காமல் போனேன். என்னைப் பார்த்ததும் பெண் தன் தங்கையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். தனியாகப் பேசும்போது, என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"உங்களுக்கு வழுக்கைன்னு தங்கச்சிகிட்ட பந்தயம் வச்சேன். தோத்துட்டேன்," என்றாள்.