அக்காவோடு போன இசை நிகழ்ச்சிகள்

போன வருசம் முழுக்க அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இசை நிகழ்ச்சிகளுக்குப் போனேன். அமிர்தகழித் திருவிழா, தேற்றாத்தீவில் ஒரு பள்ளிக்கூட மைதானம், வெல்லாவெளியில் வேளாண்மை வெட்டு முடிந்த வயல்வட்டைக்குப் பக்கத்தில் போட்ட மேடை என்று பத்துப் பன்னிரண்டு இருக்கும். அக்காவுக்கு ஐம்பது வயது. கல்யாணம் செய்யவில்லை. தபாற்கந்தோர் விட்டால் வீடு என்று இருந்தவள், ஒருநாள் ஒரு நோட்டீசைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. சனம் பாடகியைப் பார்க்க, அக்கா மேடையின் மூலையில் பேஸ் கிற்றார் வாசித்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்து வயிறு தள்ளியிருந்தாலும் ஆளை எனக்கும் தெரிந்தது.

இருபத்தைந்து வருசத்துக்கு முன் அவர் அக்காவைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தவர். அப்பா இல்லாத வீடு. நான்தான் வாசல் கடப்படியிலேயே மறித்துக் கதைத்தேன். மேடை மேடையாகத் திரிகிற ஆளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற எண்ணம் எனக்கு. அதை நேரே சொல்லத் துணிவில்லாமல், அக்காவுக்கு விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்கவுமில்லை, அவர் வந்துபோனதைச் சொல்லவுமில்லை. பிறகு வந்த சம்பந்தங்களை எல்லாம் அக்கா தட்டிக்கழித்தாள்.

நிகழ்ச்சிகளில் அவள் கடைசி வரிசைக் கதிரையில்தான் இருப்பாள். மேடைப் பக்கம் ஒருநாளும் போகவில்லை. திரும்பும்போது பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடிக்கும். நல்லா இருந்ததா என்று கேட்பேன். "ஓம்" என்பாள். அவ்வளவுதான்.

மார்கழி மழைக்குள் டவுனில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. தொடங்க முன்னம் அவர் வெளியில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. போய் எங்கள் தெருவைச் சொன்னேன், அக்காவின் பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குறை நினைக்காதீங்க தம்பி, எனக்கு ஞாபகம் வரல்ல" என்றார்.

உள்ளே வந்து, அவர் உன்னைச் சுகம் விசாரித்தார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்டைக்கு எனக்கு விருப்பமில்ல எண்டு அவரிட்ட சொன்னாய். இண்டைக்கு அவர் விசாரிச்சார் எண்டு என்னட்டச் சொல்றாய்."

கடப்படியில் நான் கதைத்தபோது அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். ஏன் வெளியில் வரவில்லை என்று கேட்டேன்.

"நீ ஆம்பிளப் புள்ள. நீ சொல்லிப் போட்டாய். அதுக்கு மேல நான் வந்து என்னத்தச் சொல்ற?"

கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்தாள். அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. கூப்பிட்டால் தலையிடி என்பாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போட்டுத் தருகிறாள், கந்தோர்க் கதை சொல்கிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.