பிள்ளைக்காம்பராவில் ஒரு பெரட்டு

என் மகள் இருமினால் இன்றும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அவளுக்குப் பதினாறு வயதாகிறது. "ஏதாவது பேசு" என்று அவளைத் தொந்தரவு செய்வேன். குரலைக் கேட்டால்தான் நிம்மதி.

நாடு முழுவதும் சளிக்காய்ச்சல் பரவிய வருஷம் எனக்கு எட்டு வயது. இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் லயத்தில் ஒரே அறைக்குள் ஏழு பேர் படுப்போம். தம்பி பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஹட்டனில் கடையில் வேலை பார்த்த தாய்மாமாவுக்குக் காய்ச்சல் முதலிலேயே வந்து போயிருந்தது. அதனால் அவர், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்து டாக்டரய்யாவிடம் கேட்டு வாங்கி, காய்ச்சல் கண்ட பிள்ளைகளை, என்னோடு சேர்த்துப் பதினோரு பேரை, அங்கே வைத்துத் தானே பார்த்துக்கொண்டார். வாசலில் ஓடும் மழைத்தண்ணீர்க் கானை அம்மாமார் தாண்டக்கூடாது என்பது அவர் சட்டம். என்னைத் துரத்திவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன்.

காலையில் அம்மாமார் கானுக்கு அப்பால் வந்து நிற்பார்கள். மாமா, தோட்டத்தில் காலையில் வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் கண்டாக்கு ஐயாவைப் போல் நெஞ்சை நிமிர்த்திப் பெரட்டு எடுப்பார். பெயரைச் சொன்னதும் "இருக்கேங்க" என்று கத்தவேண்டும். எல்லோரையும் விட நான்தான் பலமாகக் கத்துவேன்.

நான்காம் நாள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, எழவும் முடியவில்லை. பெரட்டுக்கு வராத ஆளுக்காகப் பெரியவர்கள் பதில் சொல்வதைப் பார்த்திருந்த பக்கத்துப் பாய்ச் சிநேகிதி, எனக்காகக் குரல் கொடுத்தாள்.

"அது எம்புள்ள சத்தம் இல்லடா," என்றாள் அம்மா. அவளுடைய ஒரு கால் கானுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"அக்கா, கையில பச்சப்புள்ள இருக்கு. அங்கேயே நில்லு."

"அவ மொகத்தக் காட்டு, போறேன்."

"தூங்குறா. பெரட்டுல வந்து தகராறு பண்ணினா பேர வெட்டிருவேன், இன்னைக்குச் சம்பளம் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா காலைப் பின்னால் எடுத்தாள். நல்ல தந்திரத்தைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம். அடுத்த இரண்டு நாளும் என் பெயரை மாமா மெதுவாகத்தான் சொன்னார். பதில் இல்லாமலே அடுத்த பெயருக்குப் போனார்.

ஏழாம் நாள் விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. என் முறை வந்ததும் ஜன்னல் அதிரக் கத்தினேன். பதினோரு பேரும் கத்தினோம். ஒரு பெயர்கூட விடுபடவில்லை. மாமா பால் தகரத்தைத் தப்பு மேளம் போல அடித்து ஆடினார். தம்பிக்குக் கடைசிவரை ஒரு தும்மல்கூட வரவில்லை.

கானுக்கு அப்பால் அம்மா, தம்பியை மார்போடு இறுக்கிக்கொண்டு, அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன்.