பேசினில் போட்ட போன்கள்

கூட்டத்தில் போன் அடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யுத்தத்தின் கடைசி வருடங்களில், பிள்ளைகளின் போசாக்கு பற்றித் தேயிலைத் தோட்டத்துத் தாய்மாருக்குப் பயிற்சி நடத்துவது என் வேலை. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த டொக்டர் அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் யாரோ ஒருவரின் போனில் சினிமாப் பாட்டு. அந்த அம்மா கோபித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆபீஸில் என்னைத்தான் கிழி கிழியென்று கிழித்தார்கள்.

அடுத்த பயிற்சி பெல்மதுளை டவுனில். மண்டபத்து வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசினுடன் நான் நின்றேன். போனை அணைத்து, பெயர் எழுதிய துண்டை ஒட்டி, அதில் போட வேண்டும். பின்னேரம் திருப்பித் தருவேன். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் போட்டார்கள். ஒருத்தி மட்டும் போனைக் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சார், எனக்கு ஒரு கோல் வரும். சத்தத்த நிப்பாட்டி மடியில வச்சிக்கிறேனே."

"எல்லாருக்கும்தான் வரும். போடுங்க."

என் பக்கத்தில் நின்ற சிங்கள அதிகாரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் போட்டாள்.

அவள் ஏன் பேசவில்லை என்பது பின்னேரம்தான் எனக்குத் தெரிந்தது. கொழும்பில் ஹாட்வெயார் கடையில் வேலை செய்த அவள் புருசனை முந்தின நாள் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர் தோட்டத்துக் கடைப் போனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். எந்த பொலிஸ் என்று தெரியவில்லை, தேடிப் பிடித்து நாளைக்குக் காலையில் எப்படியாவது உன் போனுக்கு அவரையே பேச வைக்கிறேன், தோட்டத்து ஆபீஸ் கடிதத்தோடு உடனே வா என்று. 'இவர் எங்கள் தோட்டத்து ஆள்' என்று துரை கையெழுத்து வைத்த கடிதம் அவள் பைக்குள் தயாராக இருந்தது. அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். ஸ்டேஷன் எது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். புருசனை பொலிஸ் பிடித்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் வாசலில் நின்று எந்தத் தமிழ்ப் பொம்பிளை சொல்வாள்?

தோட்டத்தில் அவள் இருக்கும் லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது. டவுனில் உண்டு. அதற்காகவே இன்னொருத்தியின் இடத்தைக் கெஞ்சி வாங்கிப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். நானும் குருவிட்டப் பக்கம் லயத்தில் பிறந்தவன்தான். ஒரு கோலுக்காக மேட்டில் ஏறி நிற்கிற சனத்தை எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கையில் ஒரு பேசின் வந்ததும் எல்லாம் மறந்துபோனது, அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி வந்தாள்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் தந்திர்றேன் சார்."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்."

"என்னா அக்கா, கொழும்புல இருந்து அண்ணன் கொஞ்சுறதுக்கு எடுப்பாரோ?" என்று பின்னால் ஒரு பெண் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பயிற்சி அருமையாக நடந்தது. ஒரு சத்தம் இல்லை. டொக்டர் அம்மா என்னைப் பாராட்டினார்.

மூன்றரைக்குப் போனைக் கொடுத்தேன். அவள் அதை உயிர்ப்பித்ததும் மெசேஜ் மேல் மெசேஜாக வந்து விழுந்தது. ஒரே நம்பரிலிருந்து ஆறு கோல், முதலாவது பத்தரைக்கு. திருப்பி எடுத்தாள். அது ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த சாப்பாட்டுக் கடைப் போன். கடைக்காரர் ஸ்டேஷனின் பெயரைச் சொன்னார். அப்போதுதான் அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டி, எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

வேன் பிடித்துக் கொழும்புக்கு ஓடினோம். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மேசையில் இருந்த பொலிஸ்காரர் கடிதத்தைப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. பாவமாக இருந்ததால் அந்த ஆளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் போன் எடுக்க விட்டேன், மூன்று மணி வரைக்கும் பார்த்தோம், யாரும் வரவில்லை, வேறு ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று எனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னார்.

அதைத் தமிழில் கொஞ்சம் மாற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

அதன்பிறகு முகாம் முகாமாக அலைந்தோம். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அன்று ஸ்டேஷன் படியில் இறங்கும்போது மட்டும் நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆறு தடவ கூப்பிட்டும் பொண்டாட்டி எடுக்கலன்னு நெனச்சிக்கிட்டே போயிருப்பாரு சார்."